பாத பூஜை நாற்காலியில் நான்தான் உட்காருவேன்

அன்புள்ள நவீனுக்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அன்பு இருக்கிறது, அது எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அன்பு இல்லை, கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்துக்கொண்டிருக்கும்போது அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ முழிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். மண்டபம், சமையல்காரர், பத்திரிகையில் யார் பெயர் முதலில் வரும் என்றெல்லாம் பேசி முடித்தாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, பாத பூஜைக்கு பொள்ளாச்சி அத்தையும் மாமாவும் உக்காரட்டுங்களா? அப்பாவும் நீங்களும் கீழ மொத வரிசையில சவுகரியமா உக்காந்து பாருங்க. கால்ல தண்ணி ஊத்தறதெல்லாம் இருக்குதில்லைங்க, உங்களுக்கு அந்தப் பிரச்சினை வேற" என்றாய். நீ "சிக்னல் இல்லீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. என் வாயில் வந்த வார்த்தைகள் போனில் சொல்லும்படியாக இல்லை, அவ்வளவுதான்.

தை மாதம் நீ தாலி கட்டுவதற்கு முன் தாய் தகப்பனை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும். அந்த நாற்காலிக்காக நான் இருபத்தொன்பது வருடமாகக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை, அது என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நீ எடுத்து வேறொருத்திக்குக் கொடுத்த பிறகுதான் அது எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது தெரிந்தது.

"அந்தப் பிரச்சினை" என்று நீ சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு மூத்திரம் நிற்காமல் போனது. எழுதுவதால் என் கை கூசவில்லை, படிப்பதால் உன் கண்ணும் ஒன்றும் ஆகிவிடாது. ஐம்பது வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றது. அதற்கடுத்த குளிர்காலத்தில், நான் சூப்பர்வைசராக இருந்த எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தும்மல் வந்தது. தும்மியதோடு கீழேயும் சொட்டியது. யாரும் பார்க்கவில்லை. பனியில் புடவைத் தலைப்பெல்லாம் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும். அன்றைக்கு நான் பயப்படவில்லை, குளிர் என்று நினைத்தேன். நம் மலையில் எல்லோரும் எதற்கும் குளிரைத்தான் சொல்வார்கள். மூட்டு வலித்தாலும் குளிர், சிடுசிடுத்தாலும் குளிர், அடிக்கடி ஒண்ணுக்குப் போனாலும் குளிர். நானும் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டேன், உள்ளே கம்பளிப் பாவாடை கட்டினேன். சூடு வேண்டும் என்று இரண்டு கிளாஸ் டீயைக் கூட்டிக் குடித்தேன். தண்ணீரைக் குறைத்தேன். இப்படியே நாலு வருடம் போயிற்று.

உன் அப்பா தேயிலை ஃபாக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கராக இருந்தவர். ஃபாக்டரியிலிருந்து அவர் கொண்டு வரும் தூளில் போட்ட டீ நம் வீட்டில் தண்ணீருக்குப் பதிலாகத்தான் ஓடும். காலையில் எழுந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, தேயிலைக் காட்டில் பிளாஸ்க்கில் இரண்டு, திரும்பி வந்ததும் ஒன்று, அவர் புதுத் தூளை ருசி பார்க்கச் சொன்னால் அதில் ஒன்று. அந்த டீதான் என்னை ஓட ஓட விரட்டியது என்று எனக்கு யார் சொல்வார்கள்? மலையில் பிறந்து, தேயிலைச் சம்பளத்தில் சாப்பிட்டு, தேயிலை மேலேயே சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

தும்மலில் ஆரம்பித்தது இருமலுக்கு வந்தது, பிறகு சிரிப்புக்கு வந்தது. படி இறங்கினால் வந்தது. குழாயைத் திறந்தால் சத்தத்துக்கே முட்டிக்கொண்டு வந்தது. நான் வெளிர் நிறப் புடவை கட்டுவதை நிறுத்தினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கண் தேடுவது பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதைத்தான். நீ அப்போது கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். மாதம் ஒரு முறை வரும்போது, "ஏனுங்கம்மா, எப்பப் பாத்தாலும் கருப்புப் பொடவையே கட்டறீங்க?" என்று கேட்டாய். அழுக்கு தெரியாது என்றேன். அது ஒரு விதத்தில் உண்மைதான்.

உன்னைக் குற்றம் சொல்வதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ சுத்தமான மனுஷி என்று நினைத்துக்கொள்வாய். நான் சூப்பர்வைசராக இருந்தபோது என் வரிசையில் ராணி என்று ஒருத்தி கொழுந்து எடுத்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது இருக்கும். நல்ல வேலைக்காரி. ஆனால் காலையிலிருந்து மத்தியானத்துக்குள் நாலு தடவை கூடையை வைத்துவிட்டுப் புதர்ப் பக்கம் போவாள். வேலையை ஏமாற்றுகிறாள் என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, "ராணி, நீ கொழுந்து எடுக்க வர்றியா, இல்ல செடிக்குத் தண்ணி ஊத்த வர்றியா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. நான் சாமர்த்தியமாகப் பேசிவிட்டேன் என்று அன்றைக்கு உன் அப்பாவிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். ராணி அதன் பிறகு போகவில்லை. காலையிலிருந்து வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாள் என்பதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அவள் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். போன பங்குனியில் நீ புதுக் கார் வாங்கினாய். எங்களை மருதமலைக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினாய். மேட்டுப்பாளையத்தில் நான் டீ வேண்டாம் என்றேன், நீ விடவில்லை, "ஒரு டீல என்னங்கம்மா" என்றாய். கோத்தகிரி ரோட்டில் மூன்றாவது வளைவு ஏறும்போது எனக்கு முட்ட ஆரம்பித்தது. "நவீன், கொஞ்சம் நிறுத்து சாமி" என்றேன். "இங்க நிறுத்த எடமில்லீங்கம்மா, மேல போயிரலாம்" என்றாய். இரண்டு வளைவு தாண்டி மறுபடி கேட்டேன். "பின்னாடி பஸ் வருது, பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க" என்றாய். இடமில்லாமல் இல்லை, நவீன். குரங்குக்குப் பழம் போடுகிறவர்கள் நிறுத்துகிறார்கள், போட்டோ எடுக்கிறவர்கள் நிறுத்துகிறார்கள். உனக்கு உன் புதுக் காரைச் சரிவில் நிறுத்திக் கிளப்பப் பயம். நான் கால் மேல் கால் போட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வளைவில் அது போய்விட்டது. உன் சீட் நனைந்தது. வீட்டு வாசலில் இறங்கியபோது நீ பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. நீ எதுவும் சொல்லாதது எனக்கு அன்றைக்குப் பெரிய தயவாகத் தெரிந்தது. உள்ளே போய் அழுதுகொண்டே, பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை காரில் ஏறக் கதவைத் திறந்தேன். நான் உட்காரும் இடத்தில் மட்டும் செய்தித்தாளை மடித்து மடித்துப் போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை விரித்திருந்தாய். அப்பா பக்கம் ஒன்றுமில்லை. அப்பாவும் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதன் மேல் உட்கார்ந்தேன். நான் அசையும்போதெல்லாம் அந்த உறை சரசரத்தது. நீ பாட்டைச் சத்தமாக வைத்தாய். நவீன், நாலு கிலோ எடையில் நீ பிறந்தாய். ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்றைக்குத் தளர்ந்த சதையில்தான் பாதி இது, மீதி மாதவிலக்கு நின்ற பிறகு வந்தது என்று பின்னால் எனக்குச் சொன்னார்கள். உன் சீட்டை நனைத்ததற்கு நீயும் ஒரு காரணம் என்று சொன்னால் நீ சிரிக்கக்கூடாது. நான் சிரிப்பதற்காக எழுதவில்லை.

வைகாசியில் கீர்த்தனாவைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூர் போனோம். அன்றைக்கும் அந்த உறை மேல்தான் வந்தேன். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் பலகாரம் வைத்தார்கள், காபி வைத்தார்கள், அந்தப் பெண்ணே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். அவள் அம்மா, "ஏனுங்க சம்பந்தி, எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். சம்பந்தம் பிடிக்காத வீட்டில்தான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வருவார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும், திரும்பிப் போக வேண்டிய அத்தனை வளைவும் கண் முன்னால் நின்றது. "வயிறு சரியில்லீங்க" என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். நீ எப்படியும் அவர்களிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவாய் என்று நம்பினேன்.

ஆவணியில் நிச்சயதார்த்தம். "அம்மா, அவ்வளவு தூரம் உங்களால வர முடியாது, அப்பாவும் அத்தையும் வரட்டும், உங்களுக்கு முட்டி வலின்னு சொல்லிக்கறேன்" என்றாய். சரி என்றேன். என் முட்டி இரண்டும் கல் மாதிரி இருக்கிறது, தெரியுமா உனக்கு? சூப்பர்வைசராக மலை ஏறி இறங்கிய கால். உன் நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நான் கோத்தகிரிச் சந்தையில் காரட் வாங்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை.

அன்றைக்குத்தான் பஸ் ஸ்டாண்டில் ராணியைப் பார்த்தேன். காரட் பையோடு கட்டணக் கழிப்பறைக்கு ஓடுகிறேன், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள். அவள்தான். என் முகத்தைப் பார்த்தாள், நான் நின்ற நிலையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்னங்க மேடம், செடிக்குத் தண்ணி ஊத்தப் போறீங்களா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வரிசையிலிருந்து விலகி நின்று, "முன்னாடி போங்க" என்றாள். நான் போய்விட்டு வரும்வரை என் காரட் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாங்க மேடம். நீங்க சொன்னதை நான் மறக்கலைங்க, மறக்கவும் மாட்டேன்" என்றாள். பிறகு, "குன்னூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அவங்க ஒரு பிசியோதெரபி புள்ளைகிட்ட அனுப்புவாங்க. எனக்கு அந்தப் புள்ளதான் சரி பண்ணுச்சு. எழுதிக்குங்க" என்று இடம் சொன்னாள். மன்னிக்காமலே ஒருத்திக்கு நல்லது செய்ய முடியும் என்பதை அவளிடம்தான் பார்த்தேன். இந்தக் கடிதத்தை அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

டாக்டரம்மா முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று பரிசோதித்தார். இரண்டும் இல்லை. அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு நடுவில் தொட்டில் கட்டினதுபோல ஒரு சதை இருக்கிறது, மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் தாங்குவது அதுதான், அது தளர்ந்துவிட்டது என்றார். அறுவை சிகிச்சைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது பயிற்சி என்று அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார். உன்னைவிடச் சின்னவள். "அம்மா, கூட்டத்துல காத்து வெளிய வர்ற மாதிரி இருந்தா அடக்குவீங்களே, அப்படிப் பின்னாடி இறுக்குங்க. அப்படியே ஒண்ணுக்க நிறுத்தற மாதிரி முன்னாடி வரைக்கும் இறுக்கி, உள்ளுக்குள்ள மேல தூக்குங்க. அஞ்சு எண்ணுங்க, விட்டுருங்க. விட்டப்புறமும் அதே அளவு ஓய்வு குடுக்கணும். பத்துத் தடவ, ஒரு நாளைக்கு மூணு வேள" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு இல்லை. அவள் பாட்டுக்கு எழுதிக் கொடுத்தாள்.

நான் செய்த லட்சணத்தைக் கேள். எஸ்டேட்டில் எதையும் அதட்டி வேலை வாங்கியே பழகியவள், இதையும் அப்படியே செய்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் முறுக்கி, பத்துக்கு இருபதாகச் செய்தேன். பாத்ரூமில் போய்க்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி நிறுத்தியும் பழகினேன். ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமானது. திரும்பப் போய் அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டேன். அவள் கையுறை போட்டுக்கொண்டு, என் அனுமதி கேட்டுவிட்டு, சோதித்துப் பார்த்தாள். "அம்மா, நீங்க மேல தூக்கலீங்க, கீழ தள்ளறீங்க. புள்ள பெக்கறப்ப முக்குவீங்களே, அதைச் செஞ்சுட்டு இருக்கீங்க" என்றாள். ஒரு மாதமாக, மூன்று வேளையும், நான் உன்னை மறுபடி மறுபடி பெற்றுக்கொண்டிருந்திருக்கிறேன் நவீன். அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் பொறுமையாக, படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே செய்யப் பழக்கினாள். பாத்ரூமில் பாதியில் நிறுத்திப் பழகுவதை அடியோடு விடச் சொன்னாள். இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே இறுக்கிக்கொள்ளச் சொன்னாள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும் என்றாள்.

பிறகுதான், "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கேட்டாள். ஏழோ எட்டோ என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். டீயைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் கூட்ட வேண்டும், எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே போய்விட்டு வருவதை நிறுத்த வேண்டும், முட்டினால் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று தள்ளிப்போட்டுப் பழக வேண்டும் என்றாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இனிமேல் எனக்கு டீ காலையில் ஒன்றுதான் என்று சொன்னேன். "டீ மேக்கர் பொண்டாட்டி டீ குடிக்க மாட்டாளாமா! வெளிய சொல்லிராத, ஃபாக்டரிய இழுத்து மூடிருவாங்க" என்று எகிறினார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று நான் புலம்பியபோது, "கொழுந்து வாடறதுக்கே அதுக்குண்டான நேரம் குடுக்கணும், அவசரப்பட்டா தூள் வராது. இதுக்கு மூணு மாசம்னா மூணு மாசம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எனக்கு எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து எண்ணிக்கை எட்டாயிற்று, எட்டு பத்தாயிற்று. போன மாதம் பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தார்கள். நான் ஏழு தடவை தும்மினேன். ஒன்றும் ஆகவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு எட்டாவது தும்மலுக்குக் காத்திருந்தேன்.

உன்னிடம் சொல்லவில்லை. கல்யாணத்தில் மாம்பழ நிறப் பட்டில் வந்து நின்று உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ நாற்காலியைப் பிடுங்கினாய். செவ்வாய்க்கிழமை கீர்த்தனா போன் செய்தாள். தயங்கித் தயங்கி, "ஏனுங்க அத்தை, எம்மேல உங்களுக்கு என்னங்க கோவம்? பாத பூஜைக்குக்கூட உக்கார மாட்டீங்களாமே" என்று கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் கை நனைக்காததற்கு நீ அவளிடம் என்ன சொன்னாய்? "எங்கம்மா அப்படித்தான், எஸ்டேட்ல ஆளுங்கள வெரட்டியே பழக்கம், கொஞ்சம் திமிரு ஜாஸ்தி, போகப் போகச் சரியாயிருவாங்க" என்று சொல்லியிருக்கிறாய். நிச்சயதார்த்தத்துக்கு முட்டி வலி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அவளிடம் தனியாக, அம்மாவுக்கு இன்னும் மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு மூத்திரம் நிற்காது என்று சொல்வதைவிட, நான் கெட்டவள் என்று சொல்வது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்தப் பெண் ஏழு மாதமாக என்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

செய்தித்தாள் விரித்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். சீட் உன்னுடையது. இதை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆகும், ஒருவேளை ஆகாமலும் போகலாம்.

அதனால் உன்னைப் பழிவாங்கினேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராணியைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன், உறையைச் சொன்னேன், சொம்புத் தண்ணீரை ஏன் வாங்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு, "எங்கம்மா மூணு வருஷமா எந்த விசேஷத்துக்கும் வர்றதில்லீங்க அத்தை. கேட்டா தல வலின்னு சொல்லுவாங்க. எனக்கு இப்பத்தான் புரியுது" என்றாள். மறுநாள் அவள் அம்மாவே என்னிடம் பேசினார். அன்றிலிருந்து தினமும் காலையில் நாங்கள் இரண்டு சம்பந்திகளும் போனில் பேசிக்கொண்டே பயிற்சி செய்கிறோம், உன் அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணுகிறார். நீ மூடி மூடி வைத்தது அந்த வீட்டிலும் இருந்தது, முட்டாள் பயலே. இந்தக் கடிதத்துக்கும் ஒரு பிரதி எடுத்துக் கீர்த்தனாவுக்கு அனுப்பிவிட்டேன். உனக்கு இது வந்து சேரும்போது அவள் படித்து முடித்திருப்பாள்.

அவளுக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும், அவளுக்கும் ஐம்பது வயது ஆகும். பிள்ளை பெற்ற கொஞ்ச நாளிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டு இந்தப் பயிற்சியை அவளுக்கு ஆரம்பித்துவிடு, என்னைப்போல் தள்ளிப்போட விடாதே. அவள் வண்டியை நிறுத்து என்றால் நிறுத்து. எங்கே, ஏன், எவ்வளவு நேரம் என்று கேட்காதே. அவள் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை, ஏன் சிரிக்கும்போது குனிந்துகொள்கிறாள் என்று பார். பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பது தயவு என்று நானும் உன்னைப் பற்றி நினைத்து ஏமாந்தேன். பேசு. பெயரைச் சொல்லிப் பேசு.

பழி இன்னும் பாக்கி இருக்கிறது. பத்திரிகை வைக்கப் பொள்ளாச்சி போகும்போது, அத்தையிடமும் மாமாவிடமும் நீயே நேரில் சொல்ல வேண்டும். நாற்காலி அம்மாவுக்குத்தான், நான் ஏன் உங்களைக் கேட்டேன் என்றால் அம்மாவுக்கு மூத்திரம் நிற்காமல் இருந்தது, எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அம்மாவுக்குத் திமிர் என்று பொய் சொன்னேன் என்று, இதே வார்த்தைகளில். "அந்தப் பிரச்சினை" என்று மழுப்பினால் செல்லாது. அத்தை எனக்குப் போன் செய்து நீ சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நான் கேட்பேன். நீ சொல்லாவிட்டால் மண்டபத்தில் மைக்கை வாங்கி நான் சொல்வேன். ஒரு மலைச்சரிவு முழுக்க நிற்கும் ஆட்களுக்குக் கேட்கும்படி இருபது வருடம் கத்தியவள் நான், உன் கல்யாண மண்டபம் எனக்கு எம்மாத்திரம்?

முகூர்த்தத்தன்று நீ என் காலில் தண்ணீர் ஊற்றுவாய். சொம்பிலிருந்து ஊற்றும் சத்தம் எனக்குக் கேட்கும். முக்கால்வாசி குணமாகியிருக்கிறது, முழுசாக ஆகவில்லை. அந்தப் பிசியோதெரபிப் பெண் முதலிலேயே அதைச் சொல்லித்தான் அனுப்பினாள். அதனால் அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும், மாம்பழ நிறப் பட்டிலும், அது வந்தாலும் வரலாம். வந்தால் நான் எழுந்து ஓட மாட்டேன். நீயும் என் காலிலிருந்து கையை எடுக்கக்கூடாது.

அம்மா